பொருநையின் மலைத் தீர்த்தங்கள்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கே சிறந்து விளங்கும் திருப்பதிகள் நம் நாட்டில் பல உள. அவற்றுள் மூர்த்தியின் பெருமையையும் தலத்தின் பெருமையையும் அறிந்த அன்பர் பலர். தீர்த்தத்தின் வரலாற்றை அறிந்தார் சிலரே. கோயிலின் எதிரே ஓடும் நீரில் முழுகியெழுந்து, சந்நிதி புகுந்து வழிபட்டுத் திரும்புவோர், அந்நீர் எவ்வழியே இறங்கி வந்ததென்று ஏறிப் பார்ப்பதில்லை. நெல்லைச் சீமையிலுள்ள பாவநாசத்தில் இக்குறை பெரிதாகவே தோன்றுகிறது.

பொதியமலையின் அடிவாரத்தே, தாமிரவருணி எனப்படும் பொருநை சமவெளியில் கால்வைக்கும் இடத்தில், பாவநாசநாதர் உலகம்மையோடு எழுந்தருளியிருக்கின்றார். இந்திரன் தன்னைப் பற்றிய கொலைப்பாவம் நீங்கப் பெற்ற இடமாதலின் இப்பெயர் வந்தது என்பது புராணம். உரோமச முனிவரோடு தொடர்புடைய நவகயிலாயங்களுள் இதுவே முதலாவது. அடுத்துள்ள விக்கிரமசிங்கபுரம் தமிழுக்கும் சைவத்துக்கும் செய்த தொண்டு சிறிதன்று. திராவிட மாபாடியம் இயற்றி 1785-இல் இறைவனடி சேர்ந்த மாதவச் சிவஞான முனிவர் பிறந்த ஊர் அது. நமச்சிவாயக் கவிராயரும் அவ்வூரினரே. அர்த்தயாம வழிபாடு முடிந்து அவர் பாடிக்கொண்டு வீடு திரும்புகையில் உலகம்மை அப்பாடலைக் கேட்டுப் பின்னே நடந்து வந்தாள் என்றும், அவர் உமிழ்ந்த தாம்பூலம் அன்னையின் ஆடையிற் பட்டு, மறுநாள் சந்நிதியிற் கறையாகக் காணப்பட்டதென்றும் அவ்வூரார் சொல்லுவர். கோயிலுக்கும் ஊருக்கும் இடைப்பட்ட அவ்வழியை இன்று வண்டியில் விரைந்து கடப்போர்க்கு இது நினைவுக்கு வருவது அரிது.

கோயிற் படித்துறையில் மீன்கள் கூட்டங்கூட்டமாய்த் திரிதலைக் காணலாம்; அவற்றிற்குப் பொரியிடுதலை அன்பர் ஒரு பணியாகவே கொண்டுள்ளனர். அதே துறையில் உடுத்த துணியைக் கழற்றி ஆற்றில் விட்டுச் செல்லும் வழக்கமும் அண்மைக் காலத்தே பெருகிவிட்டது. பாவத்தைத் துணியோடு கழற்றிவிடலாம் என்று சொல்லிக் கொடுத்தவர் யாரோ! அத்துணி கீழேயுள்ள படித்துறைகளில் மக்கிக் கிடக்கிறது. தண்பொருநையின் நீரை நம்பி வாழும் ஊர்களோ கடல்வரை உள்ளன.

கோயிலினின்று மலைச்சாலையில் ஏறி, வனத்துறையின் சாவடியைக் கடந்து சென்றால் அகத்தியர் அருவியை அடையலாம். குற்றாலத்து அருவிகள் பருவத்தை நோக்கியிருப்பவை. இஃது ஆண்டு முழுவதும் வீழ்வது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பொதியம் ஏற்பதே இதற்குக் காரணம். நீராடுதற்குரிய இடம் இதுவே. இவ்வளவோடு பலர் திரும்பிவிடுகின்றனர்.

அருவியின் பக்கலிலிருந்து செங்குத்தாய் ஏறும் படிவழியொன்று உண்டு. அதன் மேலே இருப்பது கலியாண தீர்த்தம். கயிலையில் அம்மையப்பரின் திருமணம் நிகழ்ந்தபோது வடபால் தாழ, உலகைச் சமன் செய்யத் தென்றிசை போந்த குறுமுனிக்கு, இறைவன் தன் மணக்கோலத்தை இவ்விடத்தே காட்டியருளினான் என்பது வரலாறு. ஆங்கே கோடிலிங்கேசுவரர் கோயில் இருக்கிறது. அகத்தியரும் உலோபாமுத்திரையும் வணங்கப்படுகின்றனர். எதிரே பாறைகளுக்கு நடுவே நீர் கறுத்துத் திரண்டு நிற்கும்.

அந்நீரின் இயல்பை அறிந்துகொள்ளல் வேண்டும். மலையாறு கூழாங்கற்களைப் பாறைக்குழிகளில் இட்டுச் சுழற்றுகிறது. நெடுங்காலம் சுழன்ற கல் பாறையைக் கிணறுபோற் குடைகிறது. அத்தகைய மடுவின் சுவர் வழுவழுப்பானது. கால் ஊன்ற இடமில்லை, கை பற்ற விளிம்பில்லை. மேல்நீர் அசைவின்றித் தோன்றும்போதும் அடியில் இழுப்பு இருக்கும். மேலும், அடிவாரத்தே வெயில் காயும்போதே மலையுச்சியிற் பெய்த மழை திடுமென வெள்ளமாய் இறங்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் இங்கே குழந்தைக்கு ஒப்பாவர்.

1925 ஜூன் மாதத்தில் இம்மடு தமிழகத்தைக் கண்ணீரில் ஆழ்த்தியது. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1916-இல் வெளியிட்டவரும், கம்பனின் கவித்திறத்தை ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூல் யாத்தவருமான வ. வே. சு. ஐயர், சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தி வந்தார். (அவ்வாண்டு அக்குருகுலத்தைப் பற்றி எழுந்த பந்திப் பூசலின் நன்மை தீமை ஈண்டுப் பேசத்தக்கதன்று.) அவர் மாணாக்கரோடும் தம் மகள் சுபத்திரையோடும் பாவநாச மலைக்கு வந்திருந்தார். மாணாக்கர் நீரோட்டத்தின் குறுகிய இடத்தைத் தாண்டக் கண்டு, அச்சிறுமியும் தாண்ட முயன்றாள். கால் தவறி நீரில் வீழ்ந்தாள். மகளை மீட்கப் பாய்ந்த தந்தையும் மீளவில்லை. அப்போது அவர்க்கு வயது 44. இலண்டனிலும் புதுச்சேரியிலும் ஆங்கிலேயர் ஆட்சியின் ஒற்றர்க்கு அகப்படாது தப்பியவர், சில அடி அகலமேயுள்ள ஒரு நீரோட்டத்தில் உயிர் துறந்தார்.

அகத்தியர் இங்கே பெற்ற பேறு காட்சியே என்பதைக் கருதிப் பார்த்தால், இத்தீர்த்தத்தை அணுகும் முறையும் அதனுள்ளே அடங்கியிருத்தல் விளங்கும். கீழேயுள்ள அருவி ஆடுதற்குரியது. மேலேயுள்ள மடு காண்டற்குரியது. கோடிலிங்கேசுவரரை வணங்கி, நீரைக் கண்ணாற் கண்டு இறங்குவதே தகுதி. இளைஞரை அழைத்து வரும் பெரியோர், தல வரலாற்றைச் சொல்லும்போதே 1925-ஆம் ஆண்டின் செய்தியையும் சொல்வாராயின், ஒரு காவலாளனை நிறுத்தியதற்கு ஒப்பாகும்.

இதற்கும் மேலே செல்லும் வழி நெடியது. காரையாற்றில் கட்டப்பெற்ற பாவநாசம் மேலணையில் 143 அடி நீர் தேக்கப்படுகிறது. 1944 முதல் இந்நீரின் வீழ்ச்சியால் மின்சாரமும் எடுக்கப்படுகிறது. அணைநீரின் மறுகரைக்கு அப்பால் பாணதீர்த்தம் வீழ்கிறது. இராமபிரான் தந்தைக்கு நீர்க்கடன் செய்த இடமென்று போற்றப்படுவது அது. 1988-இல் இக்காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துள் அடங்கியது. ஆதலின் வனத்துறையின் இசைவின்றி அங்கே செல்லுதல் இயலாது. இதனை ஒரு தடையாகக் கருதி முணுமுணுப்போர் உளர். மரங்கள் நின்றாலன்றோ பூங்குளத்தில் ஊற்றெடுக்கும் பொருநை கோடையிலும் வற்றாது வரும்!

1868 மீட்டர் உயரமுள்ள பொதியமுடிக்கு இப்போது அன்பர்கள் ஏறும் வழி கேரளத்துப் போனக்காட்டிலிருந்து செல்வது. ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்களே அது திறக்கப்படும். உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பினால் 2019 முதல் மகளிரும் அவ்வழியே ஏறுகின்றனர். முடியில் மேற்கூரையின்றி வெட்டவெளியில் அகத்தியர் திருவுரு நிற்கிறது. இப்பக்கத்து முதியோர் அவ்வளவு தூரம் செல்வதில்லை. காரையாற்றுச் சொரிமுத்தையனாரை ஆடியமாவாசையில் வணங்கி, முகில் மூடிய மலைத்திசையை நோக்கிக் கைகூப்பித் திரும்புவர்.