ஆரணிப் பட்டும் வண்ணத் தாளும்

பட்டுப் புடவை வாங்கப் போகும் பெண்கள் தவறாமல் ஒரு காரியம் செய்வார்கள். விளக்குகள் ஜொலிக்கும் கடைக்குள் உட்கார்ந்து ஐம்பது புடவைகளைப் புரட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் மனத்துக்குப் பிடித்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். கூடப் போன ஆண்பிள்ளைகள், "உள்ளே பார்த்தது போதாதா?" என்று அலுத்துக்கொள்வார்கள். நானும் பல வருஷங்கள் அப்படி அலுத்துக்கொண்டவன்தான். அந்தப் பெண்கள் செய்வது எவ்வளவு பெரிய சாஸ்திரம் என்பதை ஆரணியில் ஒரு கிழவருக்குத் தீங்கு செய்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஆரணி, வேலூருக்குத் தெற்கே, கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஊர். சரித்திரம் படித்தவர்களுக்கு 1751-ல் கிளைவ் அங்கே ஒரு சண்டையில் வெற்றி பெற்றது நினைவிருக்கும். மராட்டிய ஜாகீர்தார்கள் ஆண்டதும் நினைவிருக்கலாம். மற்றவர்களுக்கு ஆரணி என்றால் பட்டு. தெருவில் நடந்தாலே வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். அந்தப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

என் தங்கை மகன் போட்டோ எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன். ஒரு ஜவுளிக் கடைக்காரர் புடவைகளைப் படம் பிடித்துக் கைப்பேசி வழியாக வெளியூருக்கு விற்பவர். அவருக்காக ஆரணிக்குப் போனபோது என்னையும் அழைத்துப் போனான். ஒரு முதிய நெசவாளர் வீட்டில், தறிக்குப் பக்கத்திலேயே புடவைகளை விரித்து வேலையை ஆரம்பித்தான். தறிக்கு மேலே மஞ்சள் பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அவன் கையில் இருந்த பிளாஷ் விளக்கோ வெள்ளை வெளிச்சம் தருவது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று, பிளாஷின் முகத்தில் ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தாள் ஒன்றை ரப்பர் வளையம் போட்டு மாட்டிக்கொண்டான். அந்தத் தாள்கள் அடங்கிய பை என் மடியில் இருந்தது.

"மாமா, அரை ஆரஞ்சை எடுங்க" என்றான். பைக்குள் முழு ஆரஞ்சு, அரை ஆரஞ்சு, கால் ஆரஞ்சு எல்லாம் சீட்டுக்கட்டு போலக் கலந்து கிடந்தன. ஒன்றிலும் எழுத்து இல்லை. எனக்கு அரையாகத் தோன்றியதை எடுத்துக் கொடுத்தேன். அது முழு ஆரஞ்சு. காமிராவை அவன் அரைக்குத் தகுந்தபடி அமைத்திருந்தான். மஞ்சள் பல்பின் கீழே நின்று பழகிவிட்ட எங்கள் கண்களுக்குச் சிறு திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தன.

பத்து நாளில் வினை வந்தது. பெரியவர் நெய்த மயில்கழுத்துப் புடவை ஒன்று, "படத்தில் பார்த்தது இலைப் பச்சை, வந்தது வேறு" என்று திரும்பி வந்துவிட்டது. கடைக்காரர் சாயத்தில்தான் பிசகு என்று முடிவு கட்டி, பெரியவரின் கூலியில் பிடித்துக்கொண்டார். பதினைந்து நாள் உழைப்பு.

மயில்கழுத்து ஒரு நிறமல்ல. இரண்டு நிறங்களின் உறவு. பாவு நீலம், ஊடை பச்சை. மடிப்பை ஒரு பக்கம் சாய்த்தால் நீலம் எழும். மறுபக்கம் சாய்த்தால் பச்சை எழும். ஆரஞ்சுத் தாள் வெளிச்சத்துக்கு ஆரஞ்சைப் பூசுகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது எதையும் பூசுவதில்லை. வெள்ளை ஒளியில் உள்ள நீலத்தைத் தடுத்து நிறுத்திவிட்டு மீதியை வெளியே விடுகிறது. முழுத் தாள் நீலத்தை அளவுக்கு மீறித் தடுத்தது. நீலப் பாவு கறுத்து அடங்கியது. பச்சை ஊடை மட்டும் மிஞ்சியது. மயிலை நான் கிளியாக்கிவிட்டேன்.

குற்ற உணர்ச்சி பிடித்து ஆட்ட, இந்தத் தாளின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வியப்பாக இருந்தது.

விளக்குக்கு முன்னால் நிறத்தை நிறுத்தும் வித்தை நாடக மேடையில் பிறந்தது. இத்தாலியச் சிற்ப சாஸ்திரி செர்லியோ, 1545-ல் வெளியிட்ட நூலில் ஒரு வழி சொல்கிறார்: கண்ணாடிக் குப்பிகளில் வண்ண நீரை நிரப்பி, அவற்றுக்குப் பின்னால் விளக்கை வைக்க வேண்டும். திராட்சை மதுவும் குங்குமப்பூவும் கூட அந்த வண்ணங்களுக்கு உதவின! பிறகு 1770-களில் லண்டன் டிரூரி லேன் நாடக சாலையில், புகழ்பெற்ற நடிகர் காரிக்கிடம் வேலை பார்த்த லூதர்பூர்க் என்ற ஓவியர், விளக்குகளுக்கு முன்னால் வண்ணத் திரைகளைத் திருப்பித் திருப்பிக் காலையையும் மாலையையும் வரவழைத்தார். அந்தத் திரைகள் எதனால் ஆனவை தெரியுமா? பட்டினால்! பட்டைப் படம் பிடிக்க இன்று நாம் மாட்டும் தாளுக்குப் பாட்டியே பட்டுத் துணிதான்.

பட்டுக்குப் பின் வந்தது ஜெலட்டின். எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கும் பசையில் சாயம் கலந்து, மெல்லிய தாளாக ஊற்றிக் காய வைத்தார்கள். 1881-ல் லண்டன் சவாய் நாடக சாலை முழுவதும் மின்விளக்கு ஏற்றியது. மின்சாரம் பரவப் பரவ இந்தத் தாளுக்கும் மவுசு கூடியது. அமெரிக்காவில் 1910-ல் தொடங்கிய ராஸ்கோ என்ற கம்பெனி இன்றும் இந்தத் தாள்களைச் செய்கிறது. ஆனால் ஜெலட்டினுக்கு நீர் ஆகாது, வெப்பமும் ஆகாது. நனைந்தால் இளகும், காய்ந்தால் நொறுங்கும். ஆகவே அசிடேட் வந்தது. பின்பு பாலியெஸ்டர் வந்தது. இப்போது அந்தத் தாளில் ஜெலட்டின் மருந்துக்கும் கிடையாது. 'ஜெல்' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம் நாட்டு நாடகக் கொட்டகைகளிலும் இந்தத் தாள் நிறைய வேலை செய்திருக்கிறது. நவாப் ராஜமாணிக்கத்தின் புராண நாடகங்களிலும், ஆர். எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வர'னிலும் காட்சி அமைப்பைப் பார்க்கவென்றே ஜனங்கள் போனார்கள். சிவப்பு வெளிச்சம் விழுந்தால் கோபம், நீலம் விழுந்தால் நிலவு என்பது பாமரர்களுக்கும் புரிந்த பாஷை.

மேடையில் நிறம் பொய் சொல்லலாம். ரசிகர்கள் அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள். புடவையைப் படம் பிடிப்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவையால் அளக்கிறார்கள். நடுப்பகல் வெளிச்சமும் பிளாஷும் சுமார் 5500. மஞ்சள் பல்பு 2800-க்கு அருகே. முழு ஆரஞ்சு பிளாஷைச் சுமார் 3200-க்கு இறக்கும். அரை, 3800-க்கு அருகே நிறுத்தும். முழுத் தாள் மாட்டினால் ஒளியிலும் ஏறக்குறையப் பாதி போய்விடும். கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும் இரண்டு தாள்களுக்கு நடுவே இத்தனை தூரம்!

சாயக்காரன்மேல் வீண்பழி விழுவதும் புதிதல்ல. பாரிஸில் கோபலின் என்ற பெயர்பெற்ற நெசவுச்சாலை உண்டு. அதன் சாயப் பகுதிக்கு 1824-ல் செவ்ருல் என்ற ரசாயன நிபுணர் தலைவரானார். கறுப்புச் சாயம் சோபையற்று இருக்கிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குற்றமே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டின. இதை ஆராய்ந்து அவர் 1839-ல் பெரிய புத்தகமே எழுதினார். அந்தச் சாயக்காரர்களுக்காகப் பேச ஒரு செவ்ருல் இருந்தார். ஆரணிப் பெரியவருக்கு யார் இருக்கிறார்கள்?

மருமகனை அழைத்துக்கொண்டு மறுபடியும் ஆரணிக்குப் போனேன். கடைக்காரரைப் பெரியவர் வீட்டுக்கே வரச் சொன்னோம். புடவையைத் திண்ணை வெயிலில் விரித்தோம், மயில்கழுத்து. உள்ளே கொண்டுபோய், அரைத் தாள் மாட்டி ஒரு படம், முழுத் தாள் மாட்டி ஒரு படம் எடுத்தோம். இரண்டையும் திண்ணைக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். கடைக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பிடித்ததைக் கொடுத்துவிடுகிறேன்" என்றார்.

"தப்பு என்னுடையது, பெரியவரே" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. என் மடியிலிருந்த பையை வாங்கிப் பார்த்தார். தறிக்கு மேலே தொங்கிய ஜக்கார்டு அட்டைகளைக் காட்டினார். நூற்றுக்கணக்கான துளை அட்டைகள், வரிசையாகக் கோத்துத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஓர் எண்.

"ஒண்ணு மாறிக் கோத்தாலும் பூவு கெட்டுப் போயிடும் ஐயா. அதான் நம்பர் போட்டு வெச்சிருக்கோம். இது கலரு சமாசாரம். இதுக்கு நம்பர் வேணாமா?"

அன்றே உட்கார்ந்தோம். தெரிந்த தாளோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொன்றும் இன்னதென்று கண்டுபிடித்தோம். அழியாத மையால் ஓரத்தில் பெயர், முழுதா அரையா காலா, எவ்வளவு ஒளி குறையும் என்று எழுதினோம். ஆரஞ்சு தனி, நீலம் தனி, குழல்விளக்குக்கான பச்சை தனி. கல்யாண மேடைக்கு அழகு சேர்க்கும் சிவப்பும் ஊதாவும் வேறொரு உறையில். பிளாஷில் பசை நாடா ஒட்டினால் சூட்டில் இளகிப் பிசுபிசுக்கும் என்பதால், பிளாஷின் இரு பக்கமும், தாள்களின் ஓரத்திலும் வெல்க்ரோத் துண்டுகள் தைத்தாற்போல் பொருத்தினோம். ஓரத்தில் வெள்ளை ஒளி கசியாதபடி தாள் முகம் முழுவதையும் மூட வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றி, அதனதன் உறையில் போட வேண்டும். இவ்வளவுதான் விதி.

இப்போதெல்லாம் வீட்டுப் பெண்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு நடந்தால், நான் முன்னால் போய்க் கதவைத் திறந்து விடுகிறேன்.