தடித்த இதயத்தை அடையாளம் கண்ட கதை



2003ஆம் ஆண்டு யூன் 26ஆம் திகதி, பிரான்சின் லியோன் நகரில் ஓர் உதைபந்தாட்டப் போட்டி. கமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ, எவரும் மோதாத நிலையில் மைதானத்தில் சரிந்து விழுந்தார். சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது 28. நம்மில் பலர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துத் திகைத்தோம். அவருடைய இதயத் தசை இயல்புக்கு மீறித் தடித்திருந்தது பிரேத பரிசோதனையில்தான் தெரியவந்தது.

இந்த நோயின் வரலாறும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் இறந்தவர்களிடம் கண்டார்கள். உயிரோடு இருப்பவரிடம் காண்பதற்கு மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையையே இம்மாத உரைக்கு எடுத்துக்கொண்டேன்.

இலண்டன் சென் ஜோர்ஜ் வைத்தியசாலையில் டொனால்ட் டியர் என்ற பிரேத பரிசோதனை நிபுணர் இருந்தார். 1958இல் அவர் எட்டுப் பேரின் இதயங்களைப் பற்றி எழுதினார். எல்லோரும் இளவயதினர், பெரும்பாலானோர் திடீரென இறந்தவர்கள். இடது, வலது கீழறைகளைப் பிரிக்கும் நடுச்சுவர் மட்டும் அளவுக்கு மிஞ்சித் தடித்திருந்தது. தசை நார்கள் ஒழுங்கின்றிப் பின்னிக் கிடந்தன. 1960இல் அவரும் சகாக்களும் ஒரே குடும்பத்தில் இந்த நோய் தொடர்வதை எழுதினார்கள்.

அதே காலத்தில் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கு வேறொரு குழப்பம். அமெரிக்காவின் பெதெஸ்டா நகரில், தேசிய சுகாதார நிறுவனத்தில் அன்ட்ரூ மொரோ ஒரு நோயாளியின் இதயத்தைத் திறந்தார். இரத்தம் வெளியேறும் பாதை அடைபட்டிருப்பதாக முன்கூட்டியே அழுத்தத்தை அளந்து அறிந்திருந்தார்கள். திறந்து பார்த்தால் அடைப்பே இல்லை! இலண்டனில் ரசல் புரொக் 1957இல் எழுதிய அனுபவமும் இதைப் போன்றதுதான். காரணம் பிறகு விளங்கியது. இதயம் துடிக்கும்போது தடித்த தசை சுருங்கிப் பாதையை நெரிக்கிறது. துடிப்பு நின்றதும் தசை தளர்ந்து பாதை திறந்துவிடுகிறது. ஆகவே ஓடும் இதயத்தை வெளியிலிருந்தே பார்க்க வழி வேண்டியிருந்தது.

ஈ.சி.ஜி. அப்போது பழைய கருவி. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஐந்தோவன் உருவாக்கிய அந்த முறைக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. தசை தடித்தால் கோடுகள் உயரும், சில இடங்களில் தலைகீழாகும். ஆனால் நெடுநாள் இரத்த அழுத்தம் உள்ளவருக்கும் கோடு உயரலாம், நன்கு பயிற்சி செய்யும் விளையாட்டு வீரருக்கும் உயரலாம். ஈ.சி.ஜி. சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்புச் சொல்லாது.

தீர்ப்புக்கு உதவிய கருவி கப்பல் கட்டும் தளத்திலிருந்து வந்தது. சுவீடனின் லுண்ட் நகரில் வைத்தியர் எட்லரும் பௌதிகவியலாளர் ஹெர்ட்ஸும், மால்மோ கப்பல் தளத்தில் உலோகத்தின் குறைகளைக் கண்டறியும் ஒலிக் கருவியை இரவல் வாங்கினார்கள். 1953 ஒக்டோபரில் துடிக்கும் இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். இன்று நாம் 'எக்கோ' என்று சொல்வது அதன் வாரிசுதான். 1969இல் பிரவீன் ஷாவும் சகாக்களும் இந்த நோயில் வால்வின் இதழ் நடுச்சுவரை நோக்கி இழுபடுவதை எக்கோவில் காட்டினார்கள். நடுச்சுவரின் தடிப்பையும் மில்லிமீற்றரில் அளக்க முடிந்தது. வளர்ந்தவர்களில் வேறு காரணமின்றி 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த நோய் என்பது இன்றைய அளவுகோல்.

எக்கோ வந்தபின் ஈ.சி.ஜி. தேவையில்லை என்று எண்ணவேண்டாம். 1979இல் யப்பானில் யமகுச்சி குழுவினர் 30 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களின் ஈ.சி.ஜி.யில் 'ரீ' அலைகள் மிக ஆழமாகத் தலைகீழாகக் கிடந்தன. தடிப்பு நடுச்சுவரில் அல்ல, இதயத்தின் நுனியில். சாயம் செலுத்திப் படமெடுத்தபோது கீழறை, 304 விளையாட்டில் வரும் இஸ்கோப்பன் வடிவில் தெரிந்தது. அந்த நுனி எக்கோவுக்குச் சில வேளை தப்பிவிடும். இன்று எம்.ஆர்.ஐ. அதைத் தெளிவாகக் காட்டுகிறது, தசையில் உள்ள தழும்பையும் காட்டுகிறது. ஒரு கருவி தவறவிட்டதை மற்றொன்று பிடித்திருக்கிறது.

மொரோவின் கதைக்கு ஒரு முடிவு உண்டு. தடித்த தசையை வெட்டியகற்றும் சத்திரசிகிச்சைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. 1982இல் அவர் திடீரென இறந்தார். அவருக்கும் இருந்தது இதே நோய்.

இது அபூர்வமான நோயல்ல. 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இளவயதினரில் ஏறக்குறைய 500 பேருக்கு ஒருவரிடம் இதைக் கண்டது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. மரபணுக் கோளாறு உள்ள பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக 50 சதவீத வாய்ப்பு. நமக்கும் இதில் பங்குண்டு. தண்டபாணி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009இல், தெற்காசியரில் சுமார் 4 சதவீதத்தினரிடம் இதயத் தசை நோய்களோடு தொடர்புள்ள ஒரு மரபணு மாற்றம் இருப்பதாக எழுதினார்கள். அதைச் சுமப்பவர் எல்லோரும் நோயாளிகள் அல்லர், பயம் வேண்டாம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் குடும்பங்களில் இளவயதில் ஒருவர் சட்டென்று போய்விட்டால், 'மாரடைப்பு' என்றோ 'விதி' என்றோ சொல்லிக் கதையை மூடிவிடுகிறோம். புலம்பெயர்ந்து வந்தபின் சின்னம்மாவின் மகன் எப்படி இறந்தான் என்பது பிள்ளைகளுக்குத் தெரிவதுமில்லை. வைத்தியர் 'குடும்பத்தில் யாராவது திடீரென இறந்தார்களா?' என்று கேட்கும்போது 'இல்லை' என்று தலையாட்டுகிறோம். ஊரிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது மயங்கி விழும் பிள்ளையை 'சாப்பிடாததால் வந்த களைப்பு' என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் என்று தெரிந்தால் பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் எல்லோரும் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்க வேண்டும். தடிப்பு வளரும் வயதிலும் அதற்குப் பின்னரும் தோன்றலாம். அதனால் ஒருமுறை எடுத்தது போதாது, வைத்தியர் சொல்லும் கால இடைவெளியில் திரும்பவும் எடுக்க வேண்டும்.

கண்டறிந்து பராமரித்தால் இந்த நோயோடு பெரும்பாலானோர் நீண்ட காலம் வாழ்கிறார்கள். டியரின் மேசைக்கு வந்த எட்டுப் பேருக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.