வீட்டுக்கு வீடு நம்பர் போட்ட யுத்தம்

தரையில் சண்டை போடும் படைக்கு உதவியாக, அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் எதிரி மீது விமானம் குண்டு போடுவதற்குப் பெயர் குளோஸ் ஏர் சப்போர்ட். பாலைவனத்தில் இது ஓரளவு சுலபம். ஊருக்குள் வந்துவிட்டால் கதையே வேறு. எதிரி இருப்பது அடுத்த வீட்டில், சில சமயம் அதே வீட்டு மாடியில்!

1942-ல் ஸ்டாலின்கிராடில் சோவியத் தளபதி சுய்கோவ் பயன்படுத்திக்கொண்டது இதைத்தான். ஜெர்மானியரை ஒட்டியே நில்லுங்கள், கையெறிகுண்டு வீசும் தூரத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்றார். மேலே பறந்த ஜெர்மன் விமானிக்குத் தன் ஆள் எவன், எதிரி எவன் என்றே புரியாது.

இந்தச் சிக்கலை அமெரிக்கர்கள் 2004 நவம்பரில் ஈராக்கின் ஃபலூஜா நகரில் சமாளித்த விதம் சுவாரசியமானது. நகரைச் சுற்றி மேப்பில் இரண்டு வட்டம் போட்டார்கள். ஒன்று 5 கடல் மைல், இன்னொன்று 15. விமானங்கள் இரண்டுக்கும் நடுவில் காத்திருக்கும். திசைக்கு ஓர் எழுத்து. 'பிராவோ 8' என்றால் கிழக்கே 8 மைல், அவ்வளவுதான். நீளமாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இதற்குக் 'கீஹோல்' என்று பெயர், அதாவது சாவித் துவாரம்.

அடுத்தது வீடுகள். மேலிருந்து எடுத்த படத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு நம்பர். அதே படம் விமானி கையிலும், தரையில் இருப்பவர் கையிலும். லெட்ஜரில் பக்க எண் பார்ப்பது மாதிரி! குண்டும் சிறிதானது. 2000 பவுண்டுக்குப் பதில் 500 பவுண்டு.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஃபலூஜா மக்களில் பெரும்பாலோர் தாக்குதலுக்கு முன்பே ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டுக்கு நம்பர் போடலாம், உள்ளே இருப்பவர்களுக்கு?

மோசுலில் மக்கள் போகவில்லை. வீட்டிலேயே இருங்கள் என்று ஈராக் அரசே நோட்டீஸ் போட்டிருந்தது. தப்பி ஓட முயன்றவர்களை ஐ.எஸ். சுட்டது. 2017 மார்ச் 17 அன்று அல்-ஜதீதா பகுதியில் ஒரு வீட்டு மாடியில் இருந்த இரண்டு ஸ்னைப்பர்கள் மீது ஒரே ஒரு 500 பவுண்டு குண்டு போடப்பட்டது. குறி தப்பவில்லை. ஆனால் கீழ்த்தளங்களில் அடைக்கலம் புகுந்திருந்த குடும்பங்கள்மேல் கட்டடம் சரிந்தது. அமெரிக்க ராணுவ விசாரணையே ஒப்புக்கொண்ட சாவுக் கணக்கு, குறைந்தது 105 பொதுமக்கள். அந்த ஒரு குண்டுக்கு வீடு இடிந்திருக்காது, ஐ.எஸ். உள்ளே வைத்திருந்த வெடிமருந்தும் சேர்ந்து வெடித்தது என்றது விசாரணை. அப்படி எதுவும் அங்கே இல்லை என்றார்கள் அக்கம்பக்கத்தார். முந்தைய இரண்டு நாட்கள் வானிலை சரியில்லாததால் மேலிருந்து கண்காணிக்க முடியவில்லை. அத்தனை பேர் உள்ளே போனதை யாரும் பார்க்கவில்லை.