கதவைத் தட்டிச் சென்ற தாதியர்



இந்நாட்டின் மருத்துவ சேவை நம் முதியோருக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஆயினும் பலர் அதனைக் கேட்டுப் பெறுவதில்லை. ஏன் என்று வினவினால், "வயது போனால் இப்படித்தான் சுவாமி, பிள்ளைகளுக்கு ஏன் கரைச்சல்?" என்பார்கள். இத்தயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானிய முதியோரும் இவ்வாறே மௌனம் காத்தனர். அவர்களிடம் பிறர் தேடிச் சென்ற வரலாற்றை இன்று உங்களோடு பகிர விரும்புகிறேன்.

1859இல் லிவர்பூல் நகரின் செல்வந்த வணிகரான வில்லியம் ராத்போன் தம் மனைவியை இழந்தார். இறுதிநாள்களில் அவரைப் பராமரித்தவர் மேரி ராபின்சன் என்னும் தாதி. எல்லா வசதியும் உள்ள வீட்டுக்கே இப்பணி இத்துணை ஆறுதல் தந்ததெனில், ஏதுமற்ற ஏழையின் வீட்டுக்கு எவ்வளவு தேவை என ராத்போன் எண்ணினார். ஏழைகளை அவரவர் வீட்டிலேயே கவனிக்குமாறு அதே தாதியை மூன்று மாதங்களுக்கு அமர்த்தினார். ஒரு மாதத்திலேயே, கண்ட துயரங்களைத் தாங்க இயலாமல் அவர் அழுதுகொண்டு திரும்பினார். ராத்போன் தேற்றி அனுப்பினார். மூன்று மாதம் முடிந்தபோது, வேறெந்தப் பணியும் வேண்டாம் என்னும் நிலைக்கு மேரி வந்திருந்தார்.

புளோரன்ஸ் நைட்டிங்கேலின் ஆலோசனையுடன் 1862இல் லிவர்பூலில் தாதியர் பயிற்சிப் பள்ளி எழுந்தது. நகரம் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தாதியர் நியமிக்கப்பட்டனர். 'டிஸ்ட்ரிக்ட் நர்ஸ்' என்று இன்றும் நாம் அழைக்கும் பெயர் இவ்வாறே பிறந்தது. 1887இல் விக்டோரியா அரசியின் ஐம்பதாம் ஆட்சியாண்டு நிறைவுக்கு நாட்டின் பெண்கள் திரட்டிய காணிக்கையில் 70,000 பவுண் இப்பணியை நாடெங்கும் பரப்ப ஒதுக்கப்பட்டது. அப்போதும் இது பெரும்பாலும் நன்கொடையிலும், குடும்பங்கள் செலுத்திய சிறு சந்தாவிலுமே நடந்தது. 1948 யூலை 5ஆம் நாள் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோதுதான் வீட்டுத் தாதிமை கட்டணமின்றிக் கிடைக்கும் உரிமையாயிற்று.

ஆனால், சேவை இருப்பது வேறு. அது முதியோரைச் சென்றடைவது வேறு. 1935இல் மேற்கு இலண்டன் ஐல்வேர்த்தில் மார்ஜரி வாரன் என்னும் வைத்தியர், பழைய ஏழையர் விடுதியைச் சேர்ந்த 714 படுக்கைகளின் பொறுப்பை ஏற்றார். அங்கு முதியோர் பலர் நோய் இன்னதென்று அறியப்படாமலே நெடுங்காலம் படுத்திருந்தனர். வாரன் அவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்தார்; எழுப்பி நடக்கப் பழக்கினார். பலர் வீடு திரும்பினர். அவர்களைப் படுக்கையில் வீழ்த்தியிருந்தது முதுமை மட்டுமன்று. 'முதுமைதானே' என்று எவரும் கேளாமல் விட்டதும்தான்.

வீட்டில் இருந்தவர்களின் நிலை என்ன? 1964இல் எடின்பரோவில் ஜேம்ஸ் வில்லியம்சனும் அவரோடு பணியாற்றியவர்களும் 65 வயது கடந்த 200 பேரை ஆராய்ந்து தம் முடிவுகளை வெளியிட்டனர். இதய நோயும் நெஞ்சு நோயும் பெரும்பாலும் குடும்ப வைத்தியருக்குத் தெரிந்திருந்தன. பாதங்களின் கோளாறு, சிறுநீர்த் தொல்லை, நடக்க இயலாமை, மனச்சோர்வு, மறதிநோய் ஆகியவையோ பெரும்பாலும் தெரிந்திருக்கவில்லை. நோயாளி தாமே வந்து முறையிடட்டும் எனக் காத்திருக்கும் மருத்துவம் முதியோருக்குப் போதாது என்பதே அவர்கள் கண்ட பாடம். 1990இல், 75 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை நலப் பரிசோதனை செய்ய முன்வரும் கடமை குடும்ப வைத்தியர்களின் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. அப்பணியின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் தாதியரே. பின்னர் அக்கட்டாயம் நீக்கப்பட்டது.

வீடு தேடி வரும் சுகாதாரப் பணி நம் முதியோருக்குப் புதிதன்று. இலங்கையில் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, மருத்துவமாதரைக் கிராமத்து வீடுகள்தோறும் அனுப்பியது. ஆனால் அவர்கள் வந்தது தாய்க்காகவும் சேய்க்காகவும். தனக்காகவும் ஒருவர் வரக்கூடும் என்று நம் பாட்டி எண்ணிப் பார்த்ததில்லை. இங்கே மொழியும் தடையாகச் சேர்ந்துவிட்டதால் அவரது மௌனம் இரட்டிப்பாகிறது.

ஆகவே அன்பானவர்களே, எடின்பரோவில் மறைந்திருந்தவற்றை உங்கள் வீட்டிலும் கேட்டறியுங்கள்: கால் நோகிறதா, இரவில் எத்தனை முறை எழும்புகிறீர்கள், மனம் எப்படி இருக்கிறது? குடும்ப வைத்தியரிடம் செல்லும்போது மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. தன் உடலின் அந்தரங்கத்தைப் பேரப்பிள்ளையின் வாய்வழியாகச் சொல்ல எந்த முதியவரும் கூசுவார். வீட்டை விட்டு வெளியேற இயலாதவர் எனில், வட்டாரத் தாதி வீட்டுக்கு வர ஏற்பாடு செய்யுமாறு கேளுங்கள்.

பிள்ளைகள் தொலைவில் வாழ, தனித்திருக்கும் முதியோரும் நம் பங்கில் உள்ளனர். இவ்வாரம் அவர்களுள் ஒருவரின் கதவையேனும் தட்டுங்கள். அவர்கள் அழைக்கமாட்டார்கள்; நாம்தான் செல்ல வேண்டும்.

செபத்துடன்,
உங்கள் பங்குத்தந்தை