புகைக்கசிவு (படகு டீசல் இன்ஜின்)

படகு டீசல் இன்ஜினின் புகைக்குழாய்த் தடத்தில் புகையோ கடல்நீரோ வெளியேறும் பழுது. ஈரப் புகைக்குழாய் அமைப்பில், இன்ஜினைக் குளிர்வித்துவிட்டு வரும் கடல்நீர், கலப்பு முழங்கையில் சூடான புகையோடு சேர்கிறது. உப்பும் கந்தக அமிலமும் உலோகத்தை உள்ளிருந்தே அரிப்பதால் பெரும்பாலும் ஓட்டை விழுவது இங்கேதான். வெளிப்புற பெயின்ட் பளபளப்பை நம்பக்கூடாது. முழங்கைக்கு முந்தைய வறண்ட பகுதியில் கசிந்தால் கேஸ்கெட் ஓரம் கரி படியும், ஏர் ஃபில்டர் கறுக்கும். பிந்தைய பகுதியில் வெள்ளை உப்புப் பொருக்கும் துருக்கோடும் தெரியும். இன்ஜினை ஸ்டார்ட் செய்த கையோடு, சூடேறுமுன், இணைப்பில் சோப்புநீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். புது கேஸ்கெட் போடுமுன் இணைப்பு முகப்பு வளைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அரித்துப்போன முழங்கைக்கு ஒட்டுப்போடுவது வீண் வேலை, மாற்றிவிடவேண்டும். நீர் சிலிண்டருக்குள் திரும்பினால் இன்ஜினே போய்விடும். டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு பெட்ரோல் புகையைவிடக் குறைவு. ஆயினும் மூடிய கேபினில் அதற்கான எச்சரிக்கைக் கருவி தேவை.