கால் வேலி நிலமும் நீர்கட்டியின் மண்வெட்டியும்

வீராணம் ஏரியை வெட்டியது யார் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூடச் சட்டென்று சொல்லும்: சோழர்கள். 10ஆம் நூற்றாண்டு, முதலாம் பராந்தகன் காலம். 2004 முதல் அந்த ஏரித் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வேளாண் கட்டுமானம் இன்னும் பயன்படுகிறது என்பதில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் மண் சுமந்தவர் யார், அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கு இருந்தது என்றும் கேட்கிறோம்.

அந்தக் காலத்தில் பயன்பட்ட பெரிய நுட்பம் குமிழித் தூம்பு. கரையை வெட்டாமல் ஏரித் தண்ணீரை வெளியே எடுப்பது எளிதல்ல. கரையில் ஒரு சின்ன உடைப்பு போதும், ஊரே போய்விடும். அதனால் கரைக்கு உள்ளே, ஏரியின் தரையில் கல்தொட்டி கட்டி, அதன் துளையை அடைப்பால் மூடினார்கள். அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் கரைக்கு அடியில் உள்ள சுருங்கை வழியாக வாய்க்காலுக்குப் போகும். மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளை. தண்ணீரோடு வண்டலும் வயலுக்குப் போகும், ஏரியும் சீக்கிரம் தூர்ந்து போகாது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் இந்தத் தூம்புக் கற்கள் கல்வெட்டோடு இன்றும் நிற்கின்றன. தூம்பு அமைத்துக் கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. நிறைந்த ஏரியில் முங்கி அடைப்பை எடுத்தவர் பெயர் இல்லை.

அவருக்கு ஊருக்கு ஒரு பெயர்: நீர்கட்டி, கம்புகட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன். நமக்குத் தெரிந்த காலத்தில் பெரும்பாலான ஊர்களில் இந்த வேலை தலித்துகளுடையது. எந்த மடைக்கு எவ்வளவு நேரம், எந்த வயல் மேடு, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர எத்தனை நாழிகை என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்த கணக்கு. இரவெல்லாம் மண்வெட்டியோடு வரப்பில் நின்றவருக்கு அறுவடையில் சில கட்டு நெல். மடையைத் திறந்தவர்களைத்தான் மடையர் என்றார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. பழந்தமிழில் சமையல்காரரும் மடையர்தான். எப்படியானாலும் உழைப்பவனின் பெயர்தான் வசைச்சொல்லாகியிருக்கிறது.

உத்திரமேரூருக்கு வருவோம். 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை 'ஜனநாயகத்தின் தொட்டில்' என்று மேடைதோறும் பேசுகிறார்கள். ஏரியைப் பராமரிக்க ஏரி வாரியம், அதற்குக் குடவோலைத் தேர்வு. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. பெயர் எழுதப்பட யாருக்குத் தகுதி? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும். பிராமணர் சபை அது. தூர் வாரியவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது.

ராஜராஜனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகள் ஊர்களின் வரியில்லா இடங்களைக் கணக்கெடுக்கும்போது குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் குறிக்கின்றன. 'உழப்பறையர்' என்ற சொல்லும் அங்கே இருக்கிறது. உழவு அவர்களுடையது என்று கல்வெட்டே ஒப்புக்கொள்கிறது. குடியிருப்பு மட்டும் தனியே. தண்ணீரை அளந்த அதே நுட்பத்தோடு தீண்டாமையையும் அளந்து வைத்திருக்கிறார்கள்.

இது பழங்கதை என்று சொல்பவர்கள் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், 2000ஐ எடுத்துப் படிக்கட்டும். அதன்படி அமையும் பாசன சங்கத்தில் உறுப்பினராக ஆயக்கட்டில் நிலம் வேண்டும். வேதம் போய்விட்டது. நிலம் அப்படியே இருக்கிறது. 2017இல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் வந்தபோதும் பணிகள் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்கள் வழியாகவே என்றார்கள். நிலமில்லாத நீர்கட்டியும் நடவுக்கும் அறுப்புக்கும் போகும் பெண்களும் அந்தப் பட்டியலில் எங்கே?

இப்போது பல ஏரிகளில் இரும்பு ஷட்டர் வந்துவிட்டது, வயலுக்கு வயல் ஆழ்துளைக் கிணறு வந்துவிட்டது. நீர்கட்டிகளின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள், போகட்டும். ஆனால் ஏரியை மீட்கிறோம் என்று அரசு வரும்போது, மடையை அறிந்தவருக்கும் சங்கத்தில் ஓட்டு வேண்டும். ஆயக்கட்டில் நிலம் இருக்கிறதா என்று அவரிடம் கேட்கக் கூடாது.