அவசர ஆட்டமும் நிதான நடுவரும்

அமெரிக்கக் கால்பந்து, பெயரளவில்தான் கால்பந்து. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே அதில் பெரும்பகுதி. பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்பும் சில நொடிகளில் முடிந்துவிடும். பிறகு நடுவர் ஒருவர் பந்தை எடுத்து, உரிய இடத்தில் வைத்து, விலகி நிற்பார். அதற்குப் பின்தான் அடுத்த ஆட்டம். மூன்று மணி நேரத்தைத் தாண்டி நீளும் போட்டியில் பந்து உண்மையில் உயிரோடிருப்பது கால் மணி நேரத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் இடைவெளி. அந்த இடைவெளி யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. இன்னும் முழுதாகத் தீர்ந்தபாடில்லை.

வீரர்கள் வட்டமாகக் குனிந்து நின்று அடுத்த திட்டத்தைப் பேசிக்கொள்ளும் 'ஹடில்' இந்த ஆட்டத்தோடு கூடவே பிறந்ததன்று. வாஷிங்டனில் செவித்திறனற்றோருக்கான கல்லூரியான காலடெட்டின் அணியில் 1890களில் ஆடிய பால் ஹப்பார்ட் என்பவரையே அதன் மூலவராக வழக்கமாகச் சொல்கிறார்கள். தம் சைகைகளை எதிரணி படித்துவிடக்கூடாது என்று அவர் தோழர்களை வட்டமாக நிற்கவைத்தாராம். மறைத்துப் பேசுவதற்காக வந்த வட்டம், காலப்போக்கில் ஓய்வுக்கும் ஆள் மாற்றத்துக்குமான நேரமாயிற்று. தடுக்கும் அணிகள் அதையே தம் உரிமையாகவும் நினைக்கத் தொடங்கின. ஆகவே 'நோ-ஹடில்' என்ற வேகத் தாக்குதலைப் புதுமோகம் என்று குறைகூறுபவர்கள் வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கிறார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1988ஆம் ஆண்டுப் பருவத்தில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் பயிற்சியாளர் சாம் வைஷ் இந்த உரிமையில் கைவைத்தார். கடைசி நிமிடங்களில் மட்டும் கையாளப்பட்டுவந்த அவசர முறையை ஆட்டத்தின் எந்த நேரத்திலும் கையாண்டார். எதிரணி ஆள் மாற்றிக்கொண்டிருக்கும்போதே பந்தை எடுத்துவிடுவார்கள். வெளியேறிக்கொண்டிருக்கும் பன்னிரண்டாவது ஆள் இன்னும் களத்துக்குள் இருப்பார்; தண்டம் ஐந்து கஜம். எதிரணியினருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அந்தப் பருவத்தின் இறுதிச் சுற்றுகளில் அவர்களை எதிர்த்த சியாட்டில் அணியின் தடுப்பாட்டக்காரர்கள் காயம்பட்டு விழுந்தவிதம் பெரும் பேச்சாயிற்று.

அடுத்த வாரம், 1989 ஜனவரி 8 அன்று, பஃபலோ பில்ஸுடன் ஆட்டம். வென்றால் சூப்பர் பவுல். பஃபலோ தரப்பு முன்பே ஆட்சேபம் தெரிவித்திருந்தது. ஆட்டம் தொடங்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருக்கையில், எதிரணி ஆள் மாற்றுவதைத் தடுக்கும் வகையில் பந்தை அவசரமாக எடுத்தால் தண்டம் விதிக்கப்படும் என்று லீக் நிர்வாகத்திடமிருந்து வைஷுக்குத் தகவல் வந்தது. பருவம் முழுதும் செல்லுபடியான ஒன்று, பருவத்தின் மிகப் பெரிய ஆட்டங்களில் ஒன்றின் காலையில் குற்றமாயிற்று. சின்சினாட்டி 21-10 என்று வென்றதால் இந்தக் கதை பெரிய ஊழலாகப் பேசப்படாமல் போயிற்று. தோற்றிருந்தால்? தடுக்கும் அணிக்கு ஆள் மாற்ற அவகாசம் வேண்டும் என்ற வாதத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பருவத்துக்கு முன் எழுதி வைத்திருந்தால் அது விதி. இரண்டு மணி நேரத்துக்கு முன் சொன்னால் அது தயவு. யாருக்கோ காட்டிய தயவு.

இதன் பின்கதை சுவையானது. ஆட்சேபித்த அதே பஃபலோ அணி 1990இல் ஜிம் கெல்லியின் தலைமையில் 'கே-கன்' என்ற பெயரில் அந்த வேக முறையைத் தனதாக்கிக்கொண்டது. தொடர்ந்து நான்கு சூப்பர் பவுல்களுக்குச் சென்றது. நான்கிலும் தோற்றது வேறு விஷயம்.

கல்லூரிக் கால்பந்தில் விவகாரம் வேறு வழியில் முற்றியது. அங்கே 2008 வரை, ரெஃப்ரி 'தயார்' என்று சைகை காட்டிய பிறகே 25 நொடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். சைகையைச் சில நடுவர் குழுக்கள் சீக்கிரம் காட்டும், சில சாவகாசமாகக் காட்டும். ஆட்டத்தின் வேகம் சனிக்கிழமைதோறும் நடுவரின் சுபாவத்தைப் பொறுத்து மாறியது என்றால் மிகையில்லை. 2008இல் முந்தைய ஆட்டம் முடிந்த நொடியிலேயே தொடங்கும் 40 நொடிக் கடிகாரம் வந்தது. ஆட்டங்களுக்கிடையே ஒரே சீரான கால அளவு இருக்கட்டும் என்பதற்காக வந்த மாற்றம், வேக அணிகளுக்கு வரமாய் அமைந்தது. பந்து வைக்கப்பட்டால் போதும், இனி யார் சைகைக்கும் காத்திருக்க வேண்டாம். சிப் கெல்லியின் ஆரிகன் அணி 2011 ஜனவரியில் தேசிய இறுதிப் போட்டிவரை வந்தது. அங்கே அதை 22-19 என்று வீழ்த்திய ஆபர்னும் வேகத்துக்குப் பேர்போன அணிதான்.

எதிர்வினை வராமலிருக்குமா? 2014 பிப்ரவரியில் கல்லூரி விதிக்குழு ஒரு முன்மொழிவை ஏற்றது: கடிகாரத்தின் முதல் பத்து நொடிகளில், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்கள் தவிர, பந்தை எடுக்கக்கூடாது, எடுத்தால் ஐந்து கஜத் தண்டம். அந்தத் தண்டத்தின் பெயர்தான் நம்மைச் சிரிக்க வைக்கிறது: 'ஆட்டத்தைத் தாமதப்படுத்துதல்'. விரைந்து ஆடியதற்குத் தாமதக் குற்றம்! அலபாமாவின் நிக் சேபன், ஆர்கன்சாவின் பிரெட் பீலமா ஆகிய பயிற்சியாளர்கள் ஆதரித்தார்கள். வீரர்களின் உடல்நலமே காரணம் என்றார்கள். அதற்குப் போதிய தரவு இல்லை என்று மறுதரப்பு கொதித்தது. மார்ச் மாதத் தொடக்கத்திலேயே முன்மொழிவு கைவிடப்பட்டது. களைப்புற்ற உடலுக்குக் காயம் வர வாய்ப்புண்டு என்பது புறந்தள்ளக்கூடிய கேள்வியன்று. ஆனால் அதை எழுப்பியவர்கள் வேகத்தால் தோற்கக்கூடியவர்களாகவும் இருந்ததால் அதன் கனம் குறைந்துபோயிற்று.

தொழில்முறை லீகில் நடுவர்களின் உடல்நலமே இந்த வழக்கில் ஒருமுறை குறுக்கே வந்தது. தடுக்கும் அணியின் நடுவே நின்று அடிபட்டுக்கொண்டிருந்த அம்பயரை 2010இல் தாக்கும் அணிக்குப் பின்னால் நகர்த்தினார்கள். பந்தை வைத்துவிட்டு அவர் அவ்வளவு தூரம் திரும்பி நடக்கும்வரை ஆட்டம் காத்திருக்க வேண்டியதாயிற்று. வேகத்தாலேயே வாழ்ந்த பேட்டன் மானிங்கின் இண்டியானாபொலிஸ் அணி, பருவத்துக்கு முந்தைய ஆட்டத்திலேயே இதற்காகத் தண்டம் பெற்றது. கடைசியில் ஒரு சமரசம்: முதல் பாதியின் இறுதி இரண்டு நிமிடங்களிலும் இரண்டாம் பாதியின் இறுதி ஐந்து நிமிடங்களிலும் அம்பயர் பழைய இடத்துக்கே போவார். 2013இல் கெல்லி ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்தபோதோ, ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது அணிகளல்ல, நடுவர்களே என்று லீகின் நடுவர்துறைத் தலைவர் டீன் பிளாண்டினோ முன்கூட்டியே அறிவித்துவிட்டார். அப்படியிருந்தும் முதல் போட்டியின் முதல் பாதியிலேயே அவ்வணி 53 ஆட்டங்களை ஆடியது.

பிளாண்டினோவின் கூற்றில் பாதிதான் நமக்கு உடன்பாடு. பந்து எந்தக் கஜத்தில் நின்றது என்று பார்ப்பவரை அவசரப்படுத்துவது அபத்தம். ஆனால் நடையின் வேகம் நடுவரின் அதிகாரச் சின்னமாக ஆகவேண்டியதில்லை. அதே 2013இல் கல்லூரிகளின் பிக் 12 பிரிவு வேறொன்றைச் சோதித்துப் பார்த்தது: எட்டாவது நடுவர். தாக்கும் அணிக்குப் பின்னால், ரெஃப்ரிக்கு இணையாக நிற்பார். பந்தைச் சடுதியில் வைப்பது அவருடைய முக்கிய வேலை. தாக்கும் அணி ஆள் மாற்றினால் மட்டும் பந்தருகே நின்று எதிரணிக்கும் அவகாசம் தருவார். ஏழு பேரை விரட்டுவதற்குப் பதில் ஒருவரைக் கூட்டிக்கொண்டார்கள். சம்பளம் ஒன்று கூடியது. மற்றபடி யாருக்கும் நட்டமில்லை. பிற பெரிய பிரிவுகளும் விரைவிலேயே பின்பற்றின.

1988இல் பேச்சான அந்தக் காய விழுதல் மட்டும் ஓயவில்லை. இடைவெளி கிடைக்காத அணி, இடைவெளியைப் பாசாங்கால் உண்டாக்கிக்கொண்டது. பொய்க் காயம் என்று தீர்ப்பளிக்க எந்த நடுவருக்குத் துணிவு வரும்? 2025இல் கல்லூரி விதி மாறியது: அடுத்த ஆட்டத்துக்காகப் பந்து வைக்கப்பட்ட பிறகு ஒரு வீரரைப் பார்க்க மருத்துவர் களத்துக்குள் வந்தால், அவருடைய அணிக்கு ஒரு டைம்-அவுட் கழியும், அது மிச்சமில்லையென்றால் ஐந்து கஜம். வலி மெய்யா பொய்யா என்று நடுவர் கேட்கவேண்டியதில்லை. மெய்யாகவே கணுக்கால் பிசகியவருக்கும் அதே கணக்குத்தான்.